வைக்கிங்குகள் குளிர்காலத்தில் எப்படிப் போரிட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைக்கிங்குகள் குளிர்காலத்தில் உண்மையிலேயே போரிட்டார்களா?

போரிட்டார்கள், ஆனால் தொடக்கத்திலிருந்தே அல்ல. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கிளம்பிய இந்தக் கடலோடிகளின் தாக்குதல்கள் தொடங்கியபோது அவை முழுக்க முழுக்கக் கோடைக்காலத் தொழிலாகவே இருந்தன. வசந்தத்தில் கடல் அடங்கியதும் புறப்பட்டு, கரையோர மடங்களையும் சந்தைகளையும் சூறையாடிவிட்டு, இலையுதிர்காலக் காற்று கிளம்புமுன் வீடு திரும்பிவிடுவார்கள். 793-இல் வட இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் தாக்கப்பட்ட நாளை ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் படிகள் ஜனவரி 8 என்று தருகின்றன. வரலாற்றாசிரியர்கள் அதை எழுத்தர் பிழையாகக் கொண்டு ஜூன் 8 என்றே திருத்திப் படிக்கிறார்கள். திறந்த கப்பலில் ஜனவரி மாதத்தில் வடகடலைக் கடந்து கொள்ளைக்கு வர எவரும் துணிந்திருக்கமாட்டார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

840-களில் நிலைமை மாறியது. தாக்கிய நாட்டிலேயே பாசறை அமைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கும் வழக்கம் தோன்றியது. அதன் பிறகு வைக்கிங் வரலாற்றின் பெரும் நிகழ்ச்சிகளில் பல நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே நடந்திருக்கின்றன. யார்க் நகரம் வீழ்ந்ததும், கிழக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டதும், தென் இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் அரசு ஒரே இரவில் நிலைகுலைந்ததும், பாரிஸ் முற்றுகை உச்சம் தொட்டதும் குளிர்காலத்தில்தான். ஆயினும் தாடியில் பனி உறைந்த வீரர்கள் பனிப்புயலின் நடுவே கோடரி சுழற்றும் திரைப்படக் காட்சியை இவற்றின்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது. அவர்களுடைய குளிர்காலப் போருக்கு அச்சாணியாக இருந்தது தானியக் களஞ்சியம். யாருடைய களஞ்சியத்தில் யார் உண்பது என்பதே பெரும்பாலான மோதல்களின் உள்ளடக்கம்.

கோடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் ஏன் அயல்நாட்டிலேயே தங்கத் தொடங்கினார்கள்?

முதற்காரணம் கடல். 13-ஆம் நூற்றாண்டில் நார்வேயில் எழுதப்பட்ட ‘அரசனின் கண்ணாடி’ என்னும் அறிவுரை நூல், அக்டோபர் தொடக்கத்துக்குப் பிறகு கடலோட வேண்டாம் என்றும், ஏப்ரலுக்கு முன் புறப்பட வேண்டாம் என்றும் வணிகருக்குச் சொல்கிறது. வைக்கிங் காலக் கப்பலில் மேல்தளக் கூரையோ அறையோ கிடையாது. அலை வீசினால் நனைவதும் நீரை இறைத்து ஊற்றுவதும் மாலுமிகளின் அன்றாட வேலை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கடலைக் கடந்து போய்வருவதற்கே இரண்டு பயணங்கள் செலவாயின. கொள்ளைக்கு எஞ்சிய காலம் குறுகியது.

அயர்லாந்தின் லாக் நே ஏரியில் 840–841 குளிர்காலத்தில் ஒரு கப்பற்படை தங்கியது. 841-இல் டப்ளினில் கப்பல்களைக் காக்கும் அரண் எழுந்தது. 843-இல் லுவார் ஆற்றங்கரை நகரமான நான்த்தைச் சூறையாடிய கூட்டம் நுவார்மூத்தியே தீவுக்குப் போய், நிலையாகக் குடியேற வந்தவர்களைப் போல அங்கே குளிர்காலத்தைக் கழித்தது என்று அக்காலப் பிராங்கிய ஆண்டுக்குறிப்பு பதைப்போடு எழுதுகிறது. இங்கிலாந்தில் 850–851-இல் தானெட் தீவிலும், சில ஆண்டுகளில் ஷெப்பி தீவிலும் இதுவே நிகழ்ந்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் தீவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்: கரையிலிருப்பவர் எளிதில் நெருங்க முடியாது, கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். துணிவு வளர வளரத்தான் பாசறை உள்நாட்டுக்குள் நகர்ந்தது.

எல்லோரும் அப்படித் தங்கிவிட்டார்கள் என்று கருதவும் வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டில் ஆர்க்னித் தீவுகளில் வாழ்ந்த ஸ்வெய்ன் அஸ்லெய்ஃபார்சன் என்பவரின் ஆண்டு ஒழுங்கை ஆர்க்னியார் சாகா என்னும் பழைய உரைநடைக் கதை விவரிக்கிறது. வசந்தத்தில் விதைப்பை முடித்துவிட்டு அவர் ஒரு கொள்ளைப் பயணம் போவார். கோடையின் நடுவில் திரும்பி அறுவடை பார்ப்பார். பிறகு இலையுதிர்காலப் பயணம் புறப்பட்டு, குளிர்காலத்தின் முதல் மாதம் கழிந்ததும் வீடு சேர்வார். எஞ்சிய குளிர்காலம் முழுவதும் 80 ஆட்களோடு தம் சொந்த மண்டபத்தில் சொந்தச் செலவில் விருந்து. உழவையும் கொள்ளையையும் இவ்வளவு ஒழுங்காக ஒரே நாட்காட்டியில் பொருத்திய மனிதர் வேறு எவரையும் அந்தக் கதைகளில் காண்பது அரிது.

குளிர்காலப் பாசறைக்கான இடத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

865-இல் இங்கிலாந்தில் இறங்கிய ‘பெரும்படை’ ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறியது: ஈஸ்ட் ஆங்லியா, யார்க், நாட்டிங்ஹாம், மறுபடியும் யார்க், தெட்ஃபோர்டு, ரெடிங், லண்டன், டார்க்சி, ரெப்டன். இந்தப் பட்டியலைப் படத்தில் குறித்துப் பார்த்தால் ஒரு முறை புலப்படும். பெரும்பாலான இடங்கள் கப்பல் வரக்கூடிய ஆற்றின்மேல் இருக்கின்றன. பல இடங்களில் பழைய நகரமோ, அரச மாளிகையோ, மடமோ ஏற்கெனவே இருந்தது. அரச மாளிகை என்பது வெறும் தங்குமிடம் அல்ல. சுற்றுப்புறக் கிராமங்கள் மன்னருக்குச் செலுத்தும் தானியமும் இறைச்சியும் மதுவும் வந்து குவியும் இடம் அது. அறுவடை முடிந்து, குளிர்காலத்தில் தீவனம் போட முடியாத கால்நடைகள் வெட்டி உப்பிடப்பட்டு, எல்லாம் உள்ளே வந்து சேர்ந்த பின் அதைக் கைப்பற்றுபவருக்கு ஓர் ஆண்டின் உழைப்பு ஒரே நாளில் கிடைத்துவிடும்.

872–873 குளிர்காலத்தில் படை தங்கிய டார்க்சி, ட்ரென்ட் ஆற்றின் கரையில் உள்ளது. ஏறத்தாழ 55 ஹெக்டேர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தைச் சுற்றிக் குளிர்காலத்தில் நீர் தேங்கி அதைத் தீவாக்கிவிடும். அகழி வெட்டும் வேலையை மழையே செய்து கொடுத்தது எனலாம். அங்கே அகப்பட்ட பொருள்கள் படையின் அன்றாட வாழ்வைக் காட்டுகின்றன. துண்டாக வெட்டப்பட்ட வெள்ளி, அரபு நாட்டு திர்ஹம் நாணயங்கள் 100-க்கு மேல், கப்பல் பலகைகளை இணைக்கும் ஆணிகள், நூற்பு நெசவுக் கருவிகள், பலகை விளையாட்டுக்கு ஈயத்தில் வார்த்த நூற்றுக்கணக்கான காய்கள் ஆகியவை கிடைத்திருக்கின்றன. இரவு நீண்டது, வேலை குறைவு. காய்கள் இத்தனை அகப்பட்டதில் வியப்பில்லை. மறு ஆண்டு ரெப்டனில் தேவாலயத்தையே வாயிற்கோபுரமாக வைத்து, ஆற்றை ஒரு பக்க அரணாகக் கொண்டு, வளைவான அகழி வெட்டினார்கள். அங்கே ஒரே மேட்டின்கீழ் குறைந்தது 264 பேரின் எலும்புகள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கடல் மீனை அதிகம் உண்டவர்களின் எலும்பு கரிமக் கணிப்பில் உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும் என்பதைக் கணக்கில் கொண்டு 2018-இல் வெளியான மறுஆய்வு, அவை இப்படையின் காலத்துக்குப் பொருந்துவதாகக் காட்டியது.

எதிரியைக் குளிர்காலத்தில் தாக்குவதால் என்ன ஆதாயம்?

எதிரியின் படை அப்போது இருப்பதில்லை. ஆங்கில அரசர்களின் படையில் பெரும்பகுதி குறிப்பிட்ட காலத்துக்கு அழைக்கப்படும் நிலக்காரர்கள். அவர்கள் உணவைத் தாங்களே கொண்டுவர வேண்டும், காலம் முடிந்தால் வீடு திரும்பிவிடுவார்கள். டிசம்பரில் அவர்களைத் திரட்டுவது கடினம், திரட்டினாலும் நிறுத்தி வைப்பது அதைவிடக் கடினம். கிறித்தவப் பண்டிகைகளும் தாக்குபவருக்கு உதவின. யார்க் நகரம் 866 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர் திருநாளில், பிடிபட்டது.

இதன் உச்ச எடுத்துக்காட்டு சிப்பன்ஹாம். 878 ஜனவரியில், கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாள் கொண்டாட்டம் முடிந்த கையோடு, குத்ரும் தலைமையிலான படை குளோஸ்டரிலிருந்து சத்தமின்றி வந்து வெஸ்ஸெக்ஸின் அந்த அரச ஊரைப் பிடித்துக்கொண்டது. மன்னர் ஆல்ஃபிரட் சிறு குழுவோடு காட்டுக்கும் சதுப்புக்கும் ஓட வேண்டியதாயிற்று. நாட்டு மக்களில் பலர் கடல் கடந்து போனார்கள், எஞ்சியவரில் பெரும்பாலோர் அடங்கிப் போனார்கள். பெரிய களப்போர் ஒன்றுகூட இல்லாமல் ஓர் அரசு ஏறத்தாழக் கைமாறியது.

1006-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி அதைவிட ஆணவமானது. வைட் தீவில் தளம் வைத்திருந்த டேனியப் படை கிறிஸ்துமஸ் காலத்தில் வெளியே வந்து, ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர் வழியாக ரெடிங்குக்கும் வாலிங்ஃபோர்டுக்கும் போய், வழியெல்லாம் எரித்தது. மன்னர் ஏத்தெல்ரெட் அப்போது ஷ்ராப்ஷயரில் உட்கார்ந்து தமக்குரிய உணவு வரியைப் பெற்றுக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட ஒரு குன்று வரை போனால் டேனியர் கடலுக்கு உயிருடன் திரும்பமாட்டார்கள் என்றொரு பேச்சு நாட்டில் இருந்தது. அவர்கள் வேண்டுமென்றே அந்தக் குன்றுக்குப் போய், சவால் விட்டுக் காத்திருந்து, பிறகு வேறு வழியாகத் திரும்பினார்கள். வழிமறித்த உள்ளூர்ப் படையையும் முறியடித்தார்கள். 50 மைலுக்கு அப்பாலிருந்து உணவும் செல்வமும் சுமந்துகொண்டு அவர்கள் தங்கள் நகர வாயிலைக் கடந்து கடலுக்குப் போவதை வின்செஸ்டர் மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று ஆண்டுக்குறிப்பு கசப்போடு முடிக்கிறது. ‘உணவு’ என்ற சொல் அந்த வரியில் செல்வத்துக்கு இணையாக நிற்பதைத் தவறவிடக் கூடாது.

குளிர்காலப் படையெடுப்பு ஒன்று நாள்வாரியாக எப்படி நடந்தது?

870–871 குளிர்காலத்தை ஓரளவு நாள்வாரியாகவே பின்தொடர முடிகிறது. டிசம்பர் இறுதியில் படை ரெடிங்குக்கு வந்தது. தேம்ஸ், கென்னட் என்னும் இரு ஆறுகளுக்கும் இடையில் மூன்றாம் நாளே ஒரு பகுதியினர் அரண் எழுப்ப முனைய, இரண்டு யார்ல்கள், அதாவது படைத்தலைவர்கள், மற்றொரு பகுதியோடு உணவும் கொள்ளையும் தேடிக் குதிரையில் கிளம்பினார்கள். எங்கிள்ஃபீல்டில் உள்ளூர்ப் பிரபு ஏத்தெல்வுல்ஃப் அவர்களை மறித்து ஒரு யார்லைக் கொன்றார். நான்கு நாள் கழித்து அப்போதைய வெஸ்ஸெக்ஸ் மன்னர் முதலாம் ஏத்தெல்ரெடும் தம்பி ஆல்ஃபிரடும் பாசறையையே தாக்கினார்கள். வெளியே அகப்பட்டவர்களை வெட்டிக்கொண்டு வாயில் வரை போனவர்கள்மீது உள்ளிருந்தோர் ஓநாய்களைப் போலப் பாய்ந்தார்கள் என்கிறார் ஆல்ஃபிரடின் வரலாற்றை எழுதிய பாதிரியார் அஸ்ஸர். ஏத்தெல்வுல்ஃப் அங்கே மாண்டார்.

மேலும் நான்கு நாளில், ஜனவரி 8 வாக்கில், ஆஷ்டவுன் மேட்டில் ஆங்கிலேயர் வென்றார்கள். பாக்செக் என்னும் டேனிய மன்னரும் ஐந்து யார்ல்களும் அங்கே விழுந்தார்கள். வேறொரு படை என்றால் அத்தோடு கப்பலேறியிருக்கும். இவர்கள் ரெடிங் அரணுக்குள் திரும்பிக் கதவடைத்து, இரண்டே வாரத்தில் பேசிங்கிலும், மார்ச் மாதத்தில் மெரெட்டூனிலும் வென்றார்கள். பகல் வெளிச்சம் எட்டு மணி நேரமே இருக்கும் பருவத்தில் இத்தனை மோதல்கள் நடந்திருப்பது பாசறையின் பயனைத்தான் காட்டுகிறது. தோற்ற படைக்குப் பின்னால் கூரையும் அடுப்பும் சேமித்த உணவும் இருந்தன. வென்ற படையோ வயல்வெளியில் நின்றது.

பனிக்கட்டியின் மீதே சண்டைகள் நடந்ததுண்டா?

உண்டு, ஆனால் இவற்றைப் பெரும்பாலும் சாகாக்கள் எனப்படும் ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளிலிருந்தே அறிகிறோம். நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை அவை. உரையாடலையும் வீரத்தையும் அப்படியே நம்ப முடியாது. எழுதியவர்களுக்குப் பனியில் நடந்த பழக்கம் இருந்தது என்பதால், வழுக்கும் தரை, உடைந்த காலணி போன்ற சிறு விவரங்களுக்கு மதிப்புண்டு.

எய்ர்பிக்யா சாகாவில் வரும் விக்ரஃப்யோர்டு சண்டை நல்ல எடுத்துக்காட்டு. குளிர்காலத்தில் உறைந்துபோன கடற்கழியின்மேல் இரு குழுக்கள் எதிர்ப்படுகின்றன. ஒரு குழு சட்டென்று நீரிலிருந்து எழும் பாறைத்திட்டின்மேல் ஏறிக்கொள்கிறது. மற்றது கீழே வழவழப்பான பனிக்கட்டியில் நின்று ஏற முயல்கிறது. பாறையும் உறைபனி பூசி வழுக்குகிறது. அங்கே ஃப்ரெய்ஸ்டெய்ன் என்பவன் மட்டும் காலணியில் இரும்பு முள் பூட்டியிருந்ததால் அசையாமல் நின்று ஓங்கி ஓங்கி வெட்ட, அவனை எதிர்த்த ஸ்டெய்ன்தோர் காலூன்ற முடியாமல் தடுமாறுகிறான். ஸ்டெய்ன்தோர் தேர்ந்த வீரன், ஆகவே இறுதியில் ஃப்ரெய்ஸ்டெய்னையே வெட்டி வீழ்த்துகிறான். ஆனால் ஒரு சோடி இரும்பு முள் சாதாரண ஆளைத் தேர்ந்த வீரனுக்குச் சமமாக்கியது என்பதைக் கதை மறைக்கவில்லை. சண்டைக்குப் பின் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடக்கிறது. ஒருவனுடைய காற்சட்டையை எவ்வளவு இழுத்தும் கழற்ற வரவில்லை. இழுப்பவன் இந்தக் குடும்பத்தார் அணியும் இறுக்கமான ஆடையைக் கேலி செய்துகொண்டே இழுக்க, பார்த்தால் ஈட்டிமுனை ஒன்று துணியையும் காலையும் சேர்த்துத் தைத்திருக்கிறது.

நியாலின் சாகாவில் ஸ்கார்ப்ஹெதின், பாதி உறைந்த மார்க்கர் ஆற்றின் இடைவெளியைத் தாண்டிக் குதித்து, மறுபக்கப் பனிக்கட்டியில் சறுக்கிக்கொண்டே போய், தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்த எதிரி த்ராயின்மேல் கோடரியை இறக்கி, நிற்காமல் சறுக்கிக் கடந்துவிடுகிறான். த்ராயினின் பற்கள் பனிக்கட்டியில் சிதறுகின்றன. தாண்டிய அகலம் 12 முழம் என்கிறது கதை. அதை வாசகர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

வரலாற்றுக்கு நெருக்கமான சான்று 1016-இல் ரஸ் நாட்டின் (இன்றைய உக்ரைன், ரஷ்யப் பகுதிகளில் இருந்த அரசு) லியூபெக் போர். நோவ்கரோட் இளவரசர் யாரோஸ்லாவின் படையில் வராங்கியர் எனப்பட்ட ஸ்காண்டிநேவியக் கூலிவீரர்கள் இருந்தார்கள். டினீப்பர் ஆற்றின் இரு கரைகளிலும் இரு தரப்பும் மூன்று மாதம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நின்றார்கள். உறைபனி தொடங்கியிருந்த ஓர் இரவில், எதிரி குடித்துக் களித்திருந்தபோது, யாரோஸ்லாவின் ஆட்கள் ஆற்றைக் கடந்து, பின்வாங்கும் எண்ணமே வராதபடி படகுகளைத் தள்ளிவிட்டுத் தாக்கினார்கள். எதிரியின் பாசறை இரு ஏரிகளுக்கு நடுவில் இருந்தது. ஓட இடமின்றி அவர்கள் ஏரியின்மேல் ஏற, மெல்லிய பனிக்கட்டி உடைந்தது.

பனிச்சறுக்குக் கட்டைகளைப் போரில் பயன்படுத்தினார்களா?

கட்டைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. நார்வேயின் டிகெர்வார்டன் மலையில் உருகிவரும் பனியிலிருந்து 2014-இலும் 2021-இலும் ஒரே சோடியின் இரு கட்டைகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழைமையானவை, அதாவது வைக்கிங் காலத்துக்குச் சற்று முந்தியவை. அவற்றில் ஒன்று 187 சென்டிமீட்டர் நீளமும் 17 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது; கால் வைக்கும் இடத்தில் பிர்ச் மர நாரைத் திரித்துக் கட்டிய பிணைப்பும் தோல் வாரும் இருக்கின்றன. பல முறை பழுது பார்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் சறுக்கும் கலையில் ஆசான்களாகக் கருதப்பட்டவர்கள் வடக்கே வாழ்ந்த சாமி மக்கள். நார்வேஜியர் வேட்டைக்கும் செய்தி கொண்டுபோகவும் வரி வசூலுக்கும் கட்டைகளைப் பயன்படுத்தினார்கள். அர்ன்லியோட் கெல்லினி என்பவன் தன் கட்டைகளின் பின்பக்கத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டே காற்றாகப் பறந்தான் என்று நார்வே மன்னர் வரலாறு கதை சொல்கிறது. சறுக்குப் படையினர் ஒற்றராகவும் போராளிகளாகவும் தெளிவாகத் தென்படுவது 1200-ஐ ஒட்டிய நார்வே உள்நாட்டுப் போர்களில்தான். 1206-இல், அந்தப் போர்களில் ஒரு தரப்பான பிர்க்கெபெய்னரின் இரு வீரர்கள் ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தை ஹாக்கோன் இளவரசரை மலை தாண்டிக் கொண்டுபோன புகழ்பெற்ற நிகழ்ச்சியும் அக்காலத்ததே. இணையத்தில் ‘வைக்கிங் பனிச்சறுக்குப் படை’ என்று சுற்றும் படங்களில் பல இந்த நிகழ்ச்சியை 19-ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியத்திலிருந்து பிறந்தவை.

வேறு என்ன கருவிகள் இருந்தன?

காலணியில் பூட்டும் இரும்பு முள்ளை மேலே பார்த்தோம். குதிரைக் குளம்பில் அடிக்கும் பனி ஆணிகளும் அக்காலப் புதைகுழிகளில் கிடைக்கின்றன. குதிரை, மாடு ஆகியவற்றின் கால் எலும்பைத் தட்டையாகத் தேய்த்துச் செய்த சறுக்குகள் ஸ்வீடனின் பிர்க்காவிலும் இங்கிலாந்தின் யார்க்கிலும் ஏராளம். அவற்றுக்கு இன்றைய இரும்புச் சறுக்கின் கூர்விளிம்பு கிடையாது. காலைத் தூக்காமல், முனையில் இரும்பு வைத்த கோலால் பனிக்கட்டியை உந்தி உந்தி நேராகப் போகலாம்; இரு கையும் கோலில் இருக்க, வாளுக்கோ கேடயத்துக்கோ கை மிச்சமில்லை. போக்குவரத்துக்குப் பயன்பட்டவையே அவை.

சரக்கு நகர்த்தலில் பனி தடையாக இல்லாமல் உதவியாகவே இருந்தது. ஸ்வீடனின் ஏரிகளும் ஆறுகளும் உறைந்ததும் கோடையில் சேறாகக் கிடந்த வழிகளெல்லாம் சறுக்குவண்டிக்குச் சாலையாயின. நார்வேயில் 834-இல் புதைக்கப்பட்ட ஓசெபர்க் கப்பலில் நான்கு சறுக்குவண்டிகள் வைக்கப்பட்டிருந்தன. உயர்குடிப் பெண்களின் அந்தப் புதைகுழியில் அவற்றுக்கு இடம் கிடைத்ததே அவற்றின் மதிப்பைச் சொல்லும்.

குளிரைத் தாங்க என்ன உடுத்தினார்கள்?

கம்பளி, மேலும் கம்பளி. நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும் இழை அது. ஆகவே உள்ளங்கி, மேலங்கி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இறுகச் சுற்றும் பட்டை, தோளில் தடித்த போர்வை என எல்லாம் கம்பளியே. ஐஸ்லாந்தில் நெய்யப்பட்ட, வெளிப்பக்கம் மயிர் தொங்கும் போர்வைகளுக்கு நார்வேயில் நல்ல கிராக்கி. மன்னர் ஹரால்டுக்குச் ‘சாம்பல் போர்வை’ என்ற பட்டப்பெயர் அதனால்தான் வந்தது. யார்க்கின் காப்பர்கேட் தெருவில் பத்தாம் நூற்றாண்டுக் காலுறை ஒன்று கிடைத்தது. ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்த கம்பளி அது. வாளுறையின் உட்புறத்திலும் ஆட்டுமயிரை ஒட்டினார்கள். அதிலிருக்கும் இயற்கை எண்ணெய்ப் பசை இரும்பைத் துருவிலிருந்து காத்தது. பலவீனமான இடம் கால்தான். ஒற்றைத் தோல் அடிப்பாகம் கொண்ட காலணி நீரில் ஊறும், வழுக்கும்.

குளிர்நாட்டில் பிறந்ததால் அவர்களுக்கு இயல்பான அனுகூலம் இருந்ததா?

பெரிதாக இல்லை. இங்கிலாந்துக்கு வந்தவர்களில் பலர் டேனியர். டென்மார்க்கின் குளிர்காலமும் இங்கிலாந்தின் குளிர்காலமும் ஒன்றுக்கொன்று தொலைவானவை அல்ல. அங்கே எதிரியாக நின்றது பனியைவிட மழையும் சேறும் வெள்ளமும்தான். நார்வேயின் மேற்குக் கரைக்கடலே வெப்ப நீரோட்டத்தால் உறைவதில்லை.

முற்றுகைகள் குளிர்காலத்திலும் தொடர்ந்தனவா?

பாரிஸ் முற்றுகை 885 நவம்பர் இறுதியில் தொடங்கி மறு ஆண்டு இலையுதிர்காலம் வரை நீடித்தது. படைத்தலைவர் சீக்ஃபிரிட் முதலில் கேட்டது ஆற்றில் மேலே போக வழி மட்டுமே. கோமகன் ஓடோவும் ஆயர் கோஸ்லினும் மறுத்தார்கள். வைக்கிங்குகள் கரையில் பாசறை அமைத்து, கவண்பொறிகள் செய்து, குளிர்காலம் முழுவதும் பாலத்தின் கோபுரத்தைத் தாக்கியும் பயனில்லை. 886 பிப்ரவரி 6 அன்று குளிர்கால மழையில் பெருகிய சேன் ஆறு சிறிய பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மறுகரைக் கோபுரத்தில் துண்டிக்கப்பட்டு நின்ற 12 பேரைத் தாக்கிக் கோபுரத்துக்குத் தீ வைத்து வீழ்த்தினார்கள். பொறிகளால் ஆகாததைப் பருவநிலை செய்து கொடுத்தது.

முடிவு இன்னும் விந்தையானது. பேரரசர் பருமன் சார்லஸ் பெரும்படையோடு வந்தும் போரிடாமல், 700 பவுண்டு வெள்ளி தர ஒப்புக்கொண்டு, அடுத்த குளிர்காலத்தை அவர்கள் பர்கண்டியில் கழிக்க இசைவும் அளித்தார். நகரத்தார் அப்போதும் பாலத்தைத் திறக்கவில்லை. கப்பல்களைத் தரைவழியே இழுத்துக் கொண்டுபோய் நகருக்கு மேலே மறுபடி ஆற்றில் இறக்கினார்கள்.

கிழக்கே, ரஸ் நாட்டில் நிலைமை எப்படி இருந்தது?

அங்கேதான் உண்மையான கடுங்குளிர். பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் பத்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்தபடி, நவம்பர் வந்ததும் ரஸ் தலைவர்கள் தம் ஆட்களோடு கீவை விட்டுக் கிளம்பி, அடங்கிய ஸ்லாவிய இனங்களைச் சுற்றிவந்து, குளிர்காலம் முழுவதும் அவர்கள் செலவிலேயே உண்டு, ஏப்ரலில் டினீப்பரின் பனி உருகியதும் திரும்புவார்கள். கையில் வாளோடு போகும் விருந்தாளிகள். 945-இல் மன்னர் ஈகோர், ட்ரெவ்லியர் என்னும் ஸ்லாவிய இனத்தாரின் நாட்டில் வரி வாங்கித் திரும்பும் வழியில், போதவில்லை என்று சிறு குழுவோடு மீண்டும் போனார். அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அவருடைய மகன் ஸ்வியாடோஸ்லாவ் 971-இல் பல்கேரியாவிலிருந்து திரும்பியபோது, டினீப்பர் அருவிகளைத் தவிர்த்துக் குதிரையில் சுற்றிப்போகும்படி தளபதி ஸ்வெனெல்ட் சொன்ன அறிவுரையைக் கேட்கவில்லை. பெச்செனெக் என்னும் புல்வெளி நாடோடிக் குதிரைவீரர்கள் ஆற்றை மறித்திருக்க, ஆற்றின் முகத்துவாரத்தருகே பெலோபெரெஜியேயில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. அங்கே களஞ்சியம் ஏதுமில்லை. ஒரு குதிரைத் தலை அரை கிரிவ்னா (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு விலைபோனது என்று ரஸ் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 972 வசந்தத்தில் பசியால் தளர்ந்த படை அருவிகளை அடைந்தபோது பெச்செனெக்குகள் காத்திருந்தார்கள். ஸ்வியாடோஸ்லாவ் அங்கே கொல்லப்பட்டார்.

இத்தகைய படையை எதிரிகள் எப்படி முறியடித்தார்கள்?

உணவை மறுத்து. 878 மே மாதத்தில் எடிங்டனில் வென்ற ஆல்ஃபிரட், அரணுக்குள் ஓடிய குத்ருமின் படையைத் துரத்திவந்து, வெளியே அகப்பட்ட ஆட்களையும் கால்நடைகளையும் கைப்பற்றி, வாயிலிலேயே 14 நாள் அமர்ந்தார். பசியாலும் குளிராலும் அச்சத்தாலும் அவர்கள் பணிந்தார்கள் என்கிறார் அஸ்ஸர். பிறகு ஆல்ஃபிரட் தம் படையை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி வீட்டில் இருக்க மறுபாதி களத்தில் இருக்கும்படி முறை வைத்தார். அரண் சூழ்ந்த ஊர்களுக்கென்று காவற்படையையும் ஒதுக்கினார். அறுவடைக்கும் பண்டிகைக்கும் படை கலைந்துபோகும் பழைய ஓட்டை இதனால் அடைபட்டது.

893-இல் பட்டிங்டனில் முற்றுகையிடப்பட்ட டேனியர் தம் குதிரைகளையே தின்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் ஆளில்லாமல் கிடந்த செஸ்டர் நகரத்துக்குள் மற்றொரு படை இரவுபகலாக விரைந்து புகுந்துகொண்டது. பின்தொடர்ந்த ஆங்கிலேயர் மதிலைத் தாக்க முனையவில்லை. இரண்டு நாள் சுற்றி நின்று, வெளியிலிருந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு, தானியத்தை எரித்து, மிஞ்சியதைத் தம் குதிரைகளுக்கு மேயவிட்டார்கள். நல்ல மதில் இருந்தும் உணவில்லாத அந்த நகரத்தை விட்டு டேனியர் வேல்ஸுக்குப் போக வேண்டியதாயிற்று. 895-இல் லீ ஆற்றின்மேல் இருந்த பாசறையருகே, மக்கள் அறுவடையை முடிக்கும் வரை ஆல்ஃபிரடே படையோடு முகாமிட்டுக் காவல் காத்தார். பிறகு ஆற்றின் கீழ்ப்பகுதியில் இரு கரைகளிலும் கோட்டை எழுப்பி வழியை அடைத்தார். தானியமும் கிடைக்காமல் கப்பலையும் வெளியே கொண்டுவர முடியாமல், டேனியர் கப்பல்களை அங்கேயே விட்டுவிட்டுத் தரைவழியே செவர்ன் ஆற்றங்கரையின் பிரிட்ஜ்நார்த் நோக்கி நடந்து, அந்தக் குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். 896 கோடையில் அந்தப் படை பிரிந்தது: சிலர் ஈஸ்ட் ஆங்லியாவுக்கும் சிலர் நார்தம்பிரியாவுக்கும் போனார்கள், கையில் பொருள் இல்லாதவர்கள் கப்பல் தேடிக்கொண்டு கடல் கடந்து சேன் ஆற்றுக்குப் போனார்கள்.